செம்புக் கம்பி போன பிறகு எந்த அலாரம் டயலர்?

வீட்டைப் பூட்டிக்கொண்டு தீபாவளிக்கு ஈப்போ பக்கம் போகிறவருக்கு சைரன் மட்டும் போதாது. வரிசை வீடுகள் நெருங்கிக் கிடக்கும் கோலாலம்பூரின் செந்தூலிலும் கெப்போங்கிலும் காரணமில்லாமல் கத்துகிற சைரன் புதிதல்ல. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். ஆள் வந்து பார்க்க வேண்டுமென்றால் யாரோ ஒருவருடைய கைப்பேசி அடிக்க வேண்டும். அதற்குத்தான் அலாரம் டயலர். சென்சார் தட்டியதும், முன்பே பதிந்து வைத்த எண்களை ஒன்றன்பின் ஒன்றாக அழைத்து, பதிவு செய்த குரலை ஓட்டும்.

கடையில் கேட்டால் நான்கு விதம் காட்டுவார்கள். வீட்டுத் தொலைபேசி லைனில் ஓடுவது, சிம் கார்டில் ஓடுவது, வைஃபையில் ஓடி ஆப்புக்குச் செய்தி அனுப்புவது, மாதக் கட்டணம் வாங்கும் கண்காணிப்பு நிலையத்தோடு இணைவது. அட்டைப் பெட்டியின் மேல் எத்தனை ஜோன் (சென்சார் இணையும் பிரிவு), எத்தனை ரிமோட் என்றுதான் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதெல்லாம் இரண்டாம்பட்சம். வாங்குமுன் கேட்க வேண்டியவை இரண்டே: வீட்டில் மின்சாரம் போன பிறகும் எந்த வழி உயிரோடு இருக்கும்? மறுமுனையில் ஒரு மனிதர் காதில் விழுந்தது என்பது பெட்டிக்கு எப்படித் தெரியும்?

வீட்டுத் தொலைபேசி லைன்

பழைய அலாரம் பேனல்களில், அதாவது சென்சார் கம்பிகளெல்லாம் வந்து சேரும் மையப் பெட்டிகளில், பெரும்பாலானவற்றுக்குள் டயலர் ஏற்கெனவே உண்டு. செம்புக் கம்பி இருந்த காலத்தில் இது நல்ல ஏற்பாடு. தொலைபேசி நிலையத்திலிருந்தே ஏறக்குறைய 48 வோல்ட் லைனில் வரும். வீட்டில் மின்சாரம் இல்லாவிட்டாலும் நிலையத்தின் பேட்டரி லைனை நடத்தும். பேனலில் தொலைபேசிக்கென்று நான்கு முனைகள் இருக்கும். வெளியிலிருந்து வரும் இரண்டு கம்பி முதலில் பேனலுக்குள் போய், அங்கிருந்து மற்ற இரண்டு முனை வழியாக வீட்டுத் தொலைபேசிக்குப் போக வேண்டும். இந்த வரிசையில் இணைத்தால்தான், யாரோ ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருந்தாலும் பேனல் அந்தத் தொலைபேசியைத் துண்டித்து லைனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள முடியும். லைனில் வோல்ட் விழுந்துவிட்டால் கம்பி வெட்டுப்பட்டது என்று கீபேடில் பீப் அடிக்கும்.

ஃபைபர் வந்தபின் இந்த இரண்டு பலமும் போய்விட்டன. யூனிஃபை மாதிரி ஃபைபர் இணைப்பில் வீட்டு எண் இருந்தாலும், அது கண்ணாடி இழையில் இணையமாக வந்து, வரவேற்பறையில் இருக்கும் மோடத்தின் போன் போர்ட்டில்தான் தொலைபேசியாக மாறுகிறது. மோடத்தின் அடாப்டரைப் பிடுங்கினால் தொலைபேசி செத்துவிடும். இன்னொன்று அதைவிட மோசம். அந்த போர்ட்டுக்கு வோல்ட் கொடுப்பது மோடமே என்பதால், வெளியே ஃபைபர் அறுந்திருந்தாலும் பல மோடங்களில் போர்ட்டில் வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். பேனலின் லைன் கண்காணிப்பு எல்லாம் நலம் என்று நம்பிக்கொண்டிருக்கும்.

நடைமுறையில் கெட்டுப்போவது இன்னும் சாதாரணமான இடத்தில். ஃபைபர் போட வருகிறவர் வீட்டுத் தொலைபேசியை நேராக மோடத்தில் செருகிவிட்டுப் போய்விடுவார். மாடிப்படிக்குக் கீழே ஸ்டோரில் இருக்கும் அலாரம் பேனல் உயிரற்ற செம்புக் கம்பியிலேயே தொங்கும். கீபேட் மஞ்சள் விளக்கு எரிந்து பீப் அடிக்கும். சத்தம் தாங்காமல் யாரோ நிறுவுநரைக் கூப்பிட்டு லைன் கண்காணிப்பை அணைக்கச் சொல்வார்கள். அதோடு பீப் நின்றது, டயலரும் நின்றது. சைரன் மட்டும் வழக்கம்போல் அடிப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. 2010க்கு முன் பதித்த பேனல் உங்கள் வீட்டில் இருந்து, இடையில் ஃபைபருக்கு மாறியிருந்தால், முதலில் இதைத்தான் பாருங்கள்.

மீட்க முடியாதா என்றால், முடியும். மோடத்தின் போன் போர்ட்டிலிருந்து ஒரு ஆர்ஜே11 (சாதாரணத் தொலைபேசி பிளக்) கம்பியைப் பேனலின் உள்வரும் இரண்டு முனைக்கு இழுத்து, வெளிச்செல்லும் முனையிலிருந்து தொலைபேசிக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பழைய செம்புக் கம்பியைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். இரண்டையும் ஒரே முனையில் சேர்த்து முறுக்கினால் போர்ட் கெட்டுப்போகலாம். பேனலில் பல்ஸ் டயலிங் (பழைய சுழல் தொலைபேசி முறை) என்றிருந்தால் பொத்தான் ஒலியில் அழைக்கும் டோனுக்கு மாற்றுங்கள், மோடம் போர்ட்டுகள் பெரும்பாலும் பல்ஸைப் புரிந்துகொள்வதில்லை. டயல் டோனுக்குக் காத்திருக்கும் அமைப்பு தகராறு செய்தால் அதை எடுத்துவிட்டு எண்ணுக்கு முன் இரண்டு மூன்று விநாடி இடைவெளி போடுங்கள். மோடத்துக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வேண்டும். வாங்கும்முன் மோடம் அடாப்டரின் முதுகில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படித்துக்கொள்ளுங்கள்; பிளக்கின் தடிமனும் துருவமும் பொருந்த வேண்டும்.

இத்தனையும் செய்து கிடைப்பது, வீட்டுக்குள் ஒரு பெட்டி ஆஃப் ஆனால் படுத்துவிடும் வழி. ஏற்கெனவே பேனலும் வீட்டு எண்ணும் இருக்கிறவருக்கு இது இரண்டாவது வழியாக இருக்கலாம். புதிதாகப் போடுகிறவர் இதற்காகக் காசு செலவழிப்பதில் பொருளில்லை.

சிம் கார்டு டயலர்

கோலாலம்பூரில் பெரும்பாலான வீட்டுக்கும் சிறு கடைக்கும் இதுதான் சரியான முதல் தேர்வு. ஆனால் தப்பாக வாங்கவும் தப்பாகப் பொருத்தவும் இதில்தான் அதிக வாய்ப்பு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் தலைமுறை. மலேசியாவில் 3ஜி 2021 இறுதியோடு மூடப்பட்டது. 2ஜி இன்னும் இருக்கிறது. அதை நம்பி இன்றும் மலிவான 2ஜி டயலர்கள் விற்கின்றன. பெட்டியில் வெறும் ஜிஎஸ்எம் என்றும் 900, 1800 மெகாஹெர்ட்ஸ் என்றும் மட்டும் போட்டிருந்தால் அது 2ஜிதான். இன்று வேலை செய்யும். ஆனால் சிங்கப்பூர் 2017 ஏப்ரலிலேயே 2ஜியை மூடிவிட்டது. இங்கேயும் ஒரு நாள் மூடத்தான் செய்வார்கள். சுவரில் திருகி வைத்துப் பத்து ஆண்டு மறந்துவிடப் போகிற பெட்டிக்கு 2ஜி வாங்குவது வீண்.

4ஜி என்று போட்டிருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. வோல்டிஇ (4ஜியிலேயே குரல் அழைப்பு நடத்தும் வசதி) இல்லாத 4ஜி டயலர், அழைப்பு என்று வந்ததும் 2ஜிக்கு இறங்கித்தான் பேசும். டேட்டா மட்டும் 4ஜியில் போகும். கடைக்காரர் தலையாட்டுவதை நம்ப வேண்டாம். சிம் போட்டு ஒரு அழைப்பு விட்டு, அழைப்பு ஓடும்போதே நெட்வொர்க் விளக்கோ நிலை எஸ்எம்எஸ்ஸோ எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். யெஸ் என்ற கைப்பேசி நிறுவனத்தின் சிம் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நிறுவனத்துக்குச் சொந்த 2ஜி கிடையாது, ஆகவே வோல்டிஇ ஒத்துப்போகாத டயலரில் அந்த சிம்மிலிருந்து குரல் அழைப்பை எதிர்பார்க்க முடியாது. வெளிநாட்டுத் தளங்களில் வாங்கினால் அமெரிக்கச் சந்தைக்கான மாடல் வந்து சேரும் ஆபத்தும் உண்டு. இங்கே 4ஜிக்கு 1800, 2600 மெகாஹெர்ட்ஸ் முக்கியம். மலேசியத் தரச்சான்று நிறுவனமான சிரிமின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். நெட்வொர்க்கோடு இணையும் கருவிகளுக்கு அது தேவை.

அடுத்தது சிம். அலாரம் சிம்மைக் கொல்வது திருடனல்ல, காலாவதி. ப்ரீபெய்ட் சிம் ரீலோட் செய்த தொகைக்கேற்ப சில நாளோ சில மாதமோதான் உயிரோடிருக்கும். நினைவூட்டும் எஸ்எம்எஸ் டயலருக்கே போகும், அதைப் படிக்க அங்கே யாருமில்லை. வரும் எஸ்எம்எஸ்ஸை உங்கள் எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதி உள்ள டயலராகப் பாருங்கள். ஓராண்டுச் செல்லுபடி நீட்டிப்பு விற்கும் ப்ரீபெய்டை எடுத்து, ரோட் டேக்ஸ் புதுப்பிக்கும் அதே மாதத்தில் இதையும் புதுப்பிக்கிற வழக்கம் வைத்துக்கொண்டால் மறக்காது. இல்லையென்றால் வீட்டு போஸ்ட்பெய்டில் ஒரு துணை எண். சிம்மை டயலரில் போடுமுன் சாதாரணக் கைப்பேசியில் போட்டு, ரகசிய எண் கேட்கும் ‘பின்’ (PIN) பூட்டை எடுத்துவிடுங்கள், பழைய எஸ்எம்எஸ்களை அழித்துவிடுங்கள், ஒரு அழைப்பும் ஒரு எஸ்எம்எஸ்ஸும் அனுப்பிப் பாருங்கள். டேட்டா மட்டும் தரும் சிம் இதற்கு ஆகாது.

சிக்னலைப் பல டயலர்கள் 0 முதல் 31 வரை ஓர் எண்ணாகச் சொல்லும். 15க்கு மேல் இருந்தால் கவலையில்லை, 10க்குக் கீழ் போனால் அழைப்பு நடுவில் அறும். 99 என்றால் சிக்னலே அளக்க முடியவில்லை என்று பொருள். லெபோ அம்பாங் பக்கத்துப் பழைய கடைவீடுகளில் பின்கட்டில் பேனல் இருக்கும், முன்னால் இரும்பு ஷட்டர். பகலில் ஷட்டர் திறந்திருக்கும்போது 17 காட்டிய டயலர், இரவில் ஷட்டர் இறங்கியபின் 8க்கு வந்துவிடலாம். ஆகவே சிக்னலைக் கடை மூடிய நிலையில் அளக்க வேண்டும். ஆன்டெனாவை இரும்புப் பேனல் பெட்டிக்குள் சுருட்டி வைப்பது எல்லோரும் செய்கிற தப்பு. கேபிளோடு கூடிய ஆன்டெனாவை வெளியே, முடிந்தால் மாடியில், பேனலிலிருந்தும் சென்சார் கம்பிகளிலிருந்தும் ஒரு முழமாவது தள்ளி ஒட்டுங்கள். மெல்லிய கேபிளை 3 மீட்டருக்கு மேல் நீட்டினால் ஏறிய சிக்னல் கேபிளிலேயே கரைந்துவிடும்.

பேனலோடு இணைப்பது கடினமில்லை. பழைய பேனலைத் தூக்கி எறியவும் வேண்டாம். பேனலின் சைரன் முனையில் 12 வோல்ட் ரிலே (மின்சாரம் வந்தால் தட்டும் சுவிட்ச்) ஒன்றைச் சேர்த்து, அந்த ரிலேயின் காமன், நார்மலி ஓபன் முனைகளை டயலரின் ஜோன் உள்ளீட்டுக்குக் கொண்டுபோனால் போதும். ரிலே சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்று, கோடு போட்ட பக்கம் பிளஸ் கம்பியில். இது இல்லாவிட்டால் ரிலே விடுபடும்போது எழும் மின்னழுத்தம் டயலரைத் தடுமாற வைக்கும். ஜலான் பாசார் கடைகளில் இந்தச் சாமான்களைச் சில ரிங்கிட்டுக்கு வாங்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: சில பேனல்களின் சைரன் முனை நேரான 12 வோல்ட் தராமல், ஹார்ன் ஸ்பீக்கருக்கான ஊளைச் சத்தத்தையே அனுப்பும். அதில் ரிலேயைக் கோத்தால் படபடவென்று தட்டி, டயலர் ஒரே அலாரத்துக்குப் பத்து முறை தொடங்கும். அப்படிப்பட்ட பேனலில் நிரல்படுத்தக்கூடிய துணை முனையைப் பயன்படுத்துங்கள். கதவு சென்சாரை நேராக டயலரில் இணைக்காதீர்கள், நீங்கள் வீடு திரும்பும் ஒவ்வொரு முறையும் தம்பிக்கு அழைப்பு போகும். சைரன் தொடங்கி 15 முதல் 30 விநாடி கழித்து அழைக்கும்படி தாமதம் வைத்தால், தவறிப்போய் அடித்த அலாரத்தைக் கீபேடில் நிறுத்த நேரம் கிடைக்கும்.

மின்சாரத்தைத்தான் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நெட்வொர்க்கில் பேசும் கணத்தில் டயலர் திடீரென்று நிறைய கரண்ட் இழுக்கும். அடங்கியிருக்கும்போது 50 மில்லிஆம்பியர் எடுப்பது, அழைக்கும்போது ஓர் ஆம்பியர் பக்கம் போகலாம். பேனலின் துணை மின்முனை அதைத் தாங்குமா என்று பாருங்கள். மெல்லிய அலாரம் கேபிளின் ஒரே இழையில் நீளமாக இழுத்தால் வோல்ட் விழுந்து, அழைக்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் டயலர் ரீஸ்டார்ட் ஆகும். அடங்கியிருக்கும்போது நன்றாக இருக்கிறது, அழைக்கும்போது மட்டும் செத்துப்போகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். இரண்டு இழையைச் சேர்த்து இழுங்கள், அல்லது டயலரைப் பேனலுக்குப் பக்கத்திலேயே வைத்து ஆன்டெனாவை மட்டும் நகர்த்துங்கள்.

பேனலுக்குள் இருக்கும் பேட்டரி பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர். கணக்கு போடுவோம். பேனல் 100 மில்லிஆம்பியர், இரண்டு கீபேட் 100, ஐந்து மோஷன் சென்சார் 75, டயலர் 50. மொத்தம் 325. அதாவது 0.325 ஆம்பியர். 7ஐ 0.325ஆல் வகுத்தால் ஏறக்குறைய 21 மணி நேரம் வரும். அது புது பேட்டரிக்கு. நம் ஊர்ப் புழுக்கத்தில், ஜன்னலில்லாத ஸ்டோர் ரூமில் மூன்று ஆண்டு கிடந்த பேட்டரி அதில் பாதி கொடுத்தால் பெரிது.

இதோடு இடியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி மின்னல் மிகுந்த வட்டாரங்களில் ஒன்று. சாயங்கால இடிக்கு ஈஎல்சிபி (மின்கசிவு கண்டால் வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுவது வீட்டில் ஆளிருந்தால் சின்ன விஷயம்; போய்த் தூக்கிவிட்டால் ஆயிற்று. வீடு பூட்டியிருந்தால் ஃப்ரிட்ஜ் நிற்கும், மறுநாள் அலாரம் பேட்டரியும் தீரும், அதற்குப் பிறகு வீடு காவலின்றிக் கிடக்கும். ஆகவே, மின்சாரம் போனதையே ஒரு செய்தியாக அனுப்பும் டயலர்தான் வேண்டும். அந்தச் செய்திக்கு 30 நிமிடத் தாமதம் வைத்தால் சில்லறைத் துண்டிப்புகளுக்கு எஸ்எம்எஸ் வராது. சாவி வைத்திருக்கும் உறவினர் வந்து ஈஎல்சிபியைத் தூக்கிவிட 21 மணி நேரம் போதும். செய்தியே வராவிட்டால் 210 மணி நேரம் இருந்தும் பயனில்லை. எங்களைக் கேட்டால், திருட்டு எச்சரிக்கையைவிட இந்த ஒரு வசதிக்காகவே டயலர் போடலாம்.

எண்களும் குரலும்

முதல் எண் வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நீங்கள் சென்னையில் திருமண மண்டபத்தில் இருக்கும்போது மலேசிய சிம் பையில் அணைந்து கிடக்கும். பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்து சேரக்கூடியவர் எண்தான் முதலில். அடுத்து தாமானின் (குடியிருப்பின்) கார்டு போஸ்ட், அதாவது காவலர் சாவடி, பிறகு நீங்கள். 011 எண்களில் மற்றவற்றைவிட ஓர் இலக்கம் கூடுதலாக, மொத்தம் 11 இருக்கும். கடைசி இலக்கம் பதிந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். எஸ்எம்எஸ் கட்டளை ஏற்கும் டயலர்களில் இன்னொரு சிக்கல்: நீங்கள் 012 என்று பதிந்திருப்பீர்கள், நெட்வொர்க் அதை +6012 என்று காட்டும், டயலர் அறியாத ஆள் என்று ஒதுக்கிவிடும். இரண்டு விதமாகவும் பதிந்து பார்த்தால் எது ஒத்துவருகிறது என்று தெரியும்.

அவசர எண்ணான 999ஐப் பதியவே வேண்டாம். பதிவுக் குரலிடம் அங்கிருப்பவர் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது, பல்லி ஓடி அடித்த அலாரத்துக்கு அவசர லைன் ஒன்று அடைபடும். நேரில் பார்த்தவர் 999ஐ அழைக்கட்டும்.

டயலரை ஏமாற்றும் பெரிய எதிரி வாய்ஸ்மெயில். மலிவான பெட்டிகளுக்கு, லைன் திறந்துவிட்டாலே ஆள் கேட்டுவிட்டார் என்று கணக்கு. உங்கள் கைப்பேசி அணைந்திருக்க, வாய்ஸ்மெயில் எடுத்து, குரல் அங்கே பதிந்து, டயலர் கடமை முடிந்தது என்று படுத்துவிடும். கேட்டவர் ஓர் எண்ணை அழுத்தி உறுதி செய்தால் மட்டுமே நிற்கும் டயலரை வாங்குங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கைப்பேசியிலும் ##002# அடித்து அழைத்து எல்லாத் திருப்பிவிடல்களையும் நீக்குங்கள். இன்னொன்று, மோசடி அழைப்புகளுக்குப் பயந்து தெரியாத எண்களை ஊமையாக்கி வைத்திருப்பவர்கள் இப்போது அதிகம். டயலரின் எண்ணை ‘வீட்டு அலாரம்’ என்று பெயர் போட்டுச் சேமித்தாக வேண்டும். ஐபோனில் அந்தத் தொடர்பின் ரிங்டோன் அமைப்புக்குள் எமர்ஜென்சி பைபாஸ் உண்டு, அதைத் திறந்தால் ஊமையாக்கிய கைப்பேசியும் அடிக்கும். ஆண்ட்ராய்டில் நட்சத்திரமிட்ட தொடர்பாக்கி, தொந்தரவு செய்யாதே அமைப்பில் நட்சத்திரத் தொடர்புகளுக்கு அனுமதி கொடுங்கள்.

குரல் பதிவுக்குப் பல பெட்டிகளில் 10 முதல் 20 விநாடிதான் கிடைக்கும். வணக்கத்தில் அதைச் செலவழிக்க வேண்டாம். கார்டு போஸ்டில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது, ஆகவே மலாயில்: அலாரம் ரூமா, ஜாலான் இன்னது, நொம்போர் இத்தனை, தோலோங் தெங்கோக் (வீட்டு அலாரம், இன்ன சாலை, இத்தனையாம் எண், தயவுசெய்து பாருங்கள்). முகவரியை இரண்டு முறை சொல்லுங்கள், எடுத்துக் காதில் வைக்கும் நேரத்தில் முதல் தடவை பாதி போய்விடும். மின்விசிறியை அணைத்துவிட்டுப் பதியுங்கள்.

வைஃபையும் ஆப்பும்

மலிவு, சிம் செலவில்லை, கேமராவோடு சேரும், உலகில் எங்கிருந்தாலும் இணையம் இருந்தால் செய்தி வரும். இந்தியப் பயணத்தில் உள்ளூர் சிம் போட்டுக்கொண்டிருப்பவருக்கு இது ஒன்றுதான் நேராக எட்டும். குறையும் வெளிப்படை. ராத்திரி மூன்று மணிக்கு வரும் அறிவிப்பு ஒரு ‘டிங்’, அவ்வளவுதான். அது அழைப்பு மாதிரி விடாமல் அடிக்காது. ஆண்ட்ராய்டு கைப்பேசி பேட்டரி சேமிப்பு என்று ஆப்பைத் தூங்க வைத்துவிடும். அந்த ஆப்புக்கு மட்டும் சேமிப்பை விலக்கி வைக்க வேண்டும். இவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் சேரும். புது ரௌட்டர் வந்து வைஃபை பெயர் மாறிய அன்று அலாரம் ஊமையாகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மோடமும் ரௌட்டரும் வெவ்வேறு பெட்டியாக இருந்தால் மினி யூபிஎஸ் இரண்டுக்கும் வேண்டும். ரௌட்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டு வைஃபை வருகிறது, இணையம் இல்லை என்று விழிப்பவர்கள் உண்டு.

தனியாக இதை நம்ப வேண்டாம். சிம் டயலருக்குத் துணையாக வைத்தால் நல்ல ஜோடி. சிம் சிக்னலை அடைக்கும் கருவியோடு வருகிற திருடனுக்கு ஃபைபரையும் அறுக்கும் வேலை கூடுகிறது. இரண்டையும் ஒரே பேனலில் வைத்துத் தரும் மாடல்களும் கிடைக்கின்றன. புதிதாக எல்லாவற்றையும் போடுகிறவர் அதையே பார்க்கலாம்.

கண்காணிப்பு நிலையம்

மாதக் கட்டணம் கட்டினால், அலாரம் உங்கள் தம்பிக்குப் பதிலாக 24 மணி நேரமும் ஆள் இருக்கும் நிலையத்துக்குப் போகும். அவர் உங்கள் பட்டியலில் உள்ளவர்களை அழைப்பார், ஒப்பந்தத்தில் இருந்தால் காவலரையும் அனுப்புவார். காவலர் அனுப்பும் நிறுவனத்துக்கு 1971ஆம் ஆண்டுத் தனியார் முகமைச் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். கேட்டுப் பாருங்கள், காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

பேனல் இங்கே குரலில் பேசாது. காண்டாக்ட் ஐடி என்ற முறையில், நிலையத்தின் கருவி 1400, 2300 ஹெர்ட்ஸ் ஒலிகளை எழுப்பியதும் பேனல் 16 இலக்கங்களைத் தொலைபேசிப் பொத்தான் ஒலிகளாக அனுப்பும். ஒவ்வோர் ஒலிக்கும் 50 மில்லிவிநாடிதான். 130 என்றால் திருட்டு, 110 தீ, 301 மின்சாரம் போனது, 302 பேட்டரி தளர்ந்தது. கிடைத்தது என்று நிலையம் 1400 ஹெர்ட்ஸில் பதில் கொடுத்தால்தான் பேனல் லைனை விடும். நாம் முதலில் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறெதிலும் இல்லை. ஆனால் இந்த முறை செம்புக் கம்பிக்காக வடித்தது. ஃபைபர் போன் போர்ட்டில் குரலைச் சுருக்கி அனுப்பும்போது அந்த நுண்ணிய ஒலிகள் சிதைந்து, பேனல் திரும்பத் திரும்ப முயன்று தோற்கும். மனிதர் பேச்சு தெளிவாகக் கேட்கிறதே என்று வாதாடிப் பயனில்லை. நிலையம் எடுப்பதானால் இணையம் வழி ஒன்று, சிம் வழி ஒன்று என இரண்டு கேளுங்கள்.

கையெழுத்துக்கு முன் இன்னும் சில கேள்விகள். பேனல் தினமும் சோதனைச் சமிக்ஞை அனுப்புகிறதா, அது வராவிட்டால் எத்தனை மணி நேரத்தில் உங்களை அழைப்பார்கள்? ஒப்பந்தம் முடிந்தபின் நிறுவுநர் குறியீட்டைத் திறந்து கொடுப்பார்களா? பூட்டிய குறியீட்டோடு விட்டுப் போனால், காசு கொடுத்து வாங்கிய பேனலே உங்கள் பேச்சைக் கேட்காது. அடுத்த நிறுவனம் புதுப் பலகை போடச் சொல்லும். இதை வாய்வார்த்தையாக அல்லாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

யாருக்கு எது

மஸ்ஜித் இந்தியா பக்கத்து நகைக்கடைக்குக் கண்காணிப்பு நிலையம்தான், அதுவும் இரண்டு வழியோடு. இரவில் ஓடிவர ஆளில்லாத கடைக்கு டயலர் யாரை எழுப்பும்? கடைக்கு மேலேயே முதலாளி குடியிருந்தால் கணக்கு வேறு, சிம் டயலர் போதும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகத்தின் ஃப்ரீசருக்குத் திருட்டு அலாரமே வேண்டாம். வெப்பநிலை சுவிட்ச் ஒன்றும் சிம் டயலரும் போதும். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அழைக்காமலிருக்க 20, 30 நிமிடம் தொடர்ந்து சூடு ஏறினால் மட்டும் தட்டும்படி வையுங்கள். டயலருக்கு ஃப்ரீசரின் பிளக்கிலிருந்து மின்சாரம் எடுத்தால் தனி பேட்டரி கட்டாயம்.

தனியாக இருக்கும் அம்மாவுக்கு அவசரப் பொத்தான் வேண்டுமென்றால், இரு பக்கமும் பேசக்கூடிய சிம் டயலர். பொத்தான் குளியலறையிலிருந்தும் எட்டுகிறதா என்று கதவைச் சாத்திவிட்டு அழுத்திப் பாருங்கள். விழுவது பெரும்பாலும் அங்கேதான். இதில் வாய்ஸ்மெயில் விஷயத்தை இரட்டிப்பாகக் கவனியுங்கள்.

கார்டு போஸ்டோடு இணைந்த இண்டர்காம் உள்ள கொண்டோவில் ஆப் அலாரமே பெரும்பாலும் போதும். தீயணைப்பு விஷயத்தில் மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பொம்பாவோடு (மலேசியத் தீயணைப்புத் துறையோடு) நேரடி இணைப்பு இருக்க வேண்டிய கட்டடங்களுக்கு, அவர்களுடைய தானியங்கித் தீக் கண்காணிப்பு முறை தனி. சொந்தமாக வாங்கிய டயலர் அதற்கு ஈடாகாது.

எதைப் போட்டாலும் பணம் கொடுக்குமுன் நிறுவுநரை நிற்க வைத்துச் சோதியுங்கள். மெயின் சுவிட்சை இறக்கி, மோடம் ரௌட்டர் எல்லாம் அணைந்தபின் பத்து நிமிடம் கழித்து அலாரத்தைத் தூண்டுங்கள். முதல் எண்ணை எடுக்காதீர்கள், இரண்டாவதற்குப் போகிறதா பாருங்கள். இரண்டாவதை எடுத்து எதையும் அழுத்தாமல் வையுங்கள், மூன்றாவதற்குப் போக வேண்டும். மூன்றாவதில் உறுதி செய்ததும் நிற்க வேண்டும். மின்சாரத்தை ஏற்றியபின் மீண்டும் வந்துவிட்டது என்று செய்தி வருகிறதா? ஷட்டரை இறக்கி இன்னொரு முறை. பிறகு பேட்டரியின் நெற்றியில் மார்க்கர் பேனாவால் மாதத்தையும் ஆண்டையும் எழுதி, மூன்று ஆண்டு முடிந்ததும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள்.